இந்தோ-ஐரோப்பிய வினைவேர் அகராதி: ஒரே வேரை வைத்து ஒரு மதிப்புரை

‘லெக்சிகோன் டெர் இண்டோகெர்மானிஷென் வெர்பென்’. பெயரே வாய்க்குள் அடங்காததால் துறைக்காரர்கள் எல்.ஐ.வி. என்று சுருக்கிவிடுகிறார்கள். ஹெல்முட் ரிக்ஸ் தலைமையில் 1998-இல் முதல் பதிப்பு வந்தது. மார்ட்டின் க்யூமெலும் ரிக்ஸும் விரித்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு 2001-இல் வீஸ்பாடனின் ரைஷெர்ட் பதிப்பகம் வழியாக 823 பக்கங்களில் வந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றின் பொதுத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழிக்கு மீட்டுருவாக்கப்பட்ட வினைவேர்கள் ஆயிரத்துக்கு மேல் இதில் உண்டு. முழுக்க ஜெர்மன். ஆங்கிலப் பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சொற்களின் பூர்வீகக் கதை வேண்டும் என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரு வினை எந்தெந்த அடியாக (ஈறு சேர்வதற்கு ஆயத்தமான வடிவமாக) வடிவெடுத்தது, அந்த அடி எந்தக் கிளையில் பிழைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இதற்கு நிகரான நூல் இல்லை. இரண்டும் வேறு வேறு தேவைகள். இதைப் பற்றிக் கேட்கும் குறைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

சோதனைக்கு ஒரே ஒரு வேர்: *லெய்க்வ்-, ‘விட்டுவிடு, பின்னே விட்டு நீங்கு’. கடைசியில் உள்ள ‘க்வ்’ இரண்டு ஒலி அல்ல, உதடு குவித்துச் சொல்லும் ஒரே ககரம். முன்னால் உள்ள உடுக்குறி, எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் இந்த வடிவம் கிடைத்ததில்லை, ஒப்பிட்டுக் கட்டியது என்பதற்கு அடையாளம்.

முதலில் தேடும் வழி. அகராதி வேரின் அகரவரிசையில் போகிறது என்பதால், கையில் இருக்கும் சொல்லிலிருந்து வேரை ஊகிக்கத் தெரியாவிட்டால் பின்னிணைப்பை நம்ப வேண்டியதுதான். ஊகிப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. எந்த மொழியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது சுலபமாகவோ தலைவலியாகவோ அமையும்.

லத்தீன் ‘ரெலிங்க்வோ’வில் (கைவிடுகிறேன்) தொடங்கினால் வழி நேர். ‘ரெ’ முன்னொட்டு, அதைக் கழற்றவும். மிஞ்சிய ‘லிங்க்வோ’வின் இறந்தகாலம் ‘லீக்வீ’. அதில் மெல்லினம் இல்லை. ஆகவே ‘ங்’ வேரின் உறுப்பு அல்ல, நிகழ்கால அடிக்காக உள்ளே செருகியது. லத்தீன் ‘க்வ்’ பெரும்பாலும் மூல ‘க்வ்’தான், லகரமும் மூல லகரம்தான். நேராக ‘ல’ பகுதிக்குப் போய்விடலாம்.

சமஸ்கிருதத்தில் தொடங்குகிறவர்களுக்கு அவ்வளவு சுகமில்லை. பாணினி மரபின் வினைவேர்ப் பட்டியலான தாதுபாடத்தில் ‘ரிசிர் விரேசனே’ என்று ஏழாவது கணத்தில் (வினை வகுப்பில்) நிற்கும் தாது இது, வடிவம் ‘ரிணக்தி’. இந்த ரகரம் மூல ரகரமாகவும் இருக்கலாம், லகரம் திரிந்ததாகவும் இருக்கலாம். சகரம் வெறும் ககரத்திலிருந்தும் வரலாம், ‘க்வ்’விலிருந்தும் வரலாம். ஆக *ரெய்க்-, *லெய்க்-, *ரெய்க்வ்-, *லெய்க்வ்- என்று நான்கு இடத்தில் தேட வேண்டும். சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த நூலில் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கிரேக்கத்தில் தொடங்கினால் வேறொரு பள்ளம். ‘லெய்ப்போ’வில் உள்ள பகரம் மூலப் பகரமா, ‘க்வ்’வா? கிரேக்கத்தில் ‘க்வ்’ அகர ஒகரங்களுக்கு முன் பகரமாகிறது. எகரத்துக்கு முன் தகரமாக வேண்டும். ஆனால் இந்த வினையில் பகரமே எல்லா வடிவங்களிலும் பரவி நின்றுவிட்டது. ஆகவே *லெய்ப்- என்றும் தேடத் தோன்றும். தேடினால் அப்படி ஒரு வேர் உண்மையாகவே கிடைக்கும், பொருள் ‘ஒட்டு, பூசு’. சமஸ்கிருத ‘லிம்பதி’ அதன் பிள்ளை. தமிழில் வழங்கும் லேபனமும் அந்தத் தாதுவின் வழி வந்ததே. ஒட்டிக்கொண்டால் அங்கேயே தங்கிவிடும் என்ற பொருள்நகர்வில் கோத்திக் (பழைய ஜெர்மானியக் கிளைமொழி) ‘பிலீபன்’, ஜெர்மன் ‘ப்லைபென்’ (தங்கு) வந்தன. ஆங்கில ‘லீவ்’, தங்கவை என்ற பொருளில், இந்தக் குடும்பத்தில்தான் சேரும். ‘லீவ்’ என்றால் விடு, *லெய்க்வ்- என்றாலும் விடு, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, எனவே உறவு என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். உறவு இல்லை. இந்த இரண்டு வேர்களையும் தனித்தனி உள்ளீடாக, ஒவ்வொன்றின் கீழும் கிளைமொழி வடிவங்களோடு பார்க்க முடிவது எல்.ஐ.வி.யின் பெரிய பலம்.

இனி உள்ளீட்டின் அமைப்பு. தலைப்பில் வேர், ஜெர்மனில் பொருள். அதன் கீழ் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக: நிகழ்கால அடி, ஆயோரிஸ்ட் அடி (செயல் நடந்ததை ஒரே முழுமையாகச் சொல்வது), பெர்ஃபெக்ட் அடி (செயலால் விளைந்த நிலையைச் சொல்வது), தேவையானால் பிறவினை அடி, விழைவு அடி. ஒவ்வோர் அடிக்கும் அதைக் காக்கும் மொழிகளின் வடிவங்கள். பிற்காலத்தில் அந்தந்த மொழி தானே புதிதாகச் செய்துகொண்டவை தனியே. அடியில் அடிக்குறிப்புகள். விவாதம் எல்லாம் அங்கேதான், பொடி எழுத்தில். மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்குப் பாதி நூல் வீண்.

நம் வேரில் இது நன்றாகத் தெரியும். ஆயோரிஸ்ட் வேரிலேயே நேராக ஈறு சேர்ந்தது: *லெய்க்வ்-/*லிக்வ்-. கிரேக்க ‘எலிப்பெ’ (விட்டான்), ஆர்மேனிய ‘எலிக்’ இரண்டும் இங்கே. இரண்டிலும் முன்னால் நிற்கும் எகரம் இறந்தகாலம் காட்டும் முன்னொட்டு. கிரேக்கம், ஆர்மேனியம், ஃபிரிஜியம், இந்தோ-இரானியம் ஆகிய கிளைகளுக்கு மட்டும் உரிய சொத்து இது.

நிகழ்கால அடி *லி-னெ-க்வ்-. வேரின் நடுவே ‘னெ’ புகுந்திருக்கிறது. சமஸ்கிருத ‘ரிணக்தி’, அவெஸ்த (பழைய இரானிய மொழி) ‘இரினஃக்தி’, லத்தீன் ‘லிங்க்வோ’, பழைய பிரஷ்யன் ‘பொலின்கா’ (மிஞ்சுகிறது). அவெஸ்தக்காரர்களும் ரகரத்தைச் சொல்முதலில் தனியே விட மனமில்லாமல் முன்னால் ஓர் இகரம் சேர்த்திருக்கிறார்கள். இராமன் என்று எழுதிப் பழகிய நமக்கு அது வினோதமாகத் தெரியாது. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இந்த ‘னெ’யை இடைநிலை என்று குறித்துக்கொள்வதுதான் சிக்கல். நம் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே வருவது. இது பகுதியையே பிளந்து அதன் கடைசி மெய்க்கு முன்னால் உட்கார்கிறது. ‘உட்செருகல்’ என்று குறித்துக்கொள்வது பாதுகாப்பு.

சமஸ்கிருதத்தின் ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது கணங்கள் மூன்றும் இந்த ஒரே உட்செருகலின் மூன்று முகங்கள் என்று காட்டியவர் சுவிஸ் மொழியியலாளர் சொசூர், 1879 ஆண்டிட்ட நூலில். ஏழாவது கணத்தில் வேர் சாதாரண மெய்யில் முடிகிறது. ஒன்பதாவதில், இந்திய மொழிகளில் மறைந்தேபோன ஒரு தொண்டை ஒலியில் முடிகிறது. ‘புனாதி’யின் நெடிலுக்குக் காரணம் அந்த ஒலி. எல்.ஐ.வி. முழுக்க இந்தப் பார்வையில் கட்டப்பட்டிருக்கிறது. பாணினியின் கண வகுப்பை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கும் இடம் இது.

பெர்ஃபெக்ட் அடியில் முதலெழுத்து இரட்டித்து வேரில் ஒகரம் வரும்: *லெ-லொய்க்வ்-. கிரேக்க ‘லெலொய்ப்பெ’, சமஸ்கிருத ‘ரிரேச’. கிரேக்கத்தை மட்டும் வரிசையாக வைத்தால் லெய்ப், லொய்ப், லிப். எகரம், ஒகரம், இரண்டும் அற்ற நிலை. மூன்று உயிர்த்தரமும் ஒரே வினையில் இப்படிச் சுத்தமாகக் கிடைப்பதால்தான் பாடநூல்கள் இந்த வேரை விடுவதில்லை. குறிப்பேட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி: எகர ஒகரக் குறிலும் நெடிலும் தமிழ் எழுத்தில் தனித்தனி. தேவநாகரியில் இந்த வேறுபாட்டைக் காட்டக் கூடுதல் குறி போட வேண்டும். ஆனால் வடமொழிக் ககரத்தின் நான்கு வகையும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும், அதற்கு எண் போட்டே ஆக வேண்டும்.

கிரேக்க நிகழ்காலம் ‘லெய்ப்போ’, கோத்திக் ‘லீஹ்வன்’ (கடன் கொடு), லித்துவேனிய ‘லிக்தி’ (மிஞ்சு) குடும்பத்தின் எகர அடி வடிவங்கள் மேலே சொன்ன நிகழ்கால அடியோடு ஒட்டவில்லை. மூன்று மொழியில் இருப்பதால் மூலத்திலும் இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உட்செருகல் நிகழ்காலமும் வேர் ஆயோரிஸ்டும் இணையாக நிற்பது இந்தோ-ஐரோப்பிய வினையில் வழக்கமான ஜோடி. அந்த ஜோடி முழுசாக இருக்கும்போது மூன்றாவதாக வரும் எகர நிகழ்காலத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மொழியும் தனித்தனியே செய்துகொண்ட எளிமையாக்கமாக இருக்கலாம். வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று என்று எண்ணி முடிவு செய்யும் பழக்கத்தை இந்த அகராதி உடைக்கிறது. எத்தனை மொழியில் என்பதைவிட எந்தெந்தக் கிளையில், எவ்வளவு விளக்க முடியாத வடிவில் என்பதற்குத்தான் இங்கே எடை.

இனிக் குறைகள். முதலாவது, பெயர்ச்சொற்கள் கிடையாது. இது எழுத்துப்பிழை போன்ற குறை அல்ல, திட்டமே அப்படி. ஆனால் வாங்குகிறவருக்கு வலிக்கும். ‘ரிணக்தி’யின் தாதுவான ‘ரிச்’சிலிருந்து தமிழுக்கு வந்தவற்றைப் பாருங்கள். பஞ்சாங்கத்தில் 4, 9, 14-ஆம் திதிகளுக்கு ரிக்தை என்று பெயர். வெறுமை என்பது பொருள். மூச்சை வெளியே விடுவது ரேசகம். குடலைக் காலி செய்யும் மருத்துவம் விரேசனம். அணியிலக்கணத்தில் வேற்றுமை அணிக்கு வடமொழியார் சொல்வது வியதிரேகம். கிரேக்கப் பக்கத்தில் கிரகணத்தைக் குறிக்கும் ‘எக்லிப்ஸ்’, சொல் எஞ்சி நிற்கும் ‘எலிப்ஸிஸ்’. லத்தீன் பக்கத்தில் ‘ரெலிக்’. இத்தனையும் பெயர்கள். இவற்றுக்காக இந்த நூலைத் திறந்தால் ஒன்றுகூட உள்ளீடாக நிற்காது. பெயர்ச்சொற்களுக்கு வொட்கோ, இர்ஸ்லிங்கர், ஷ்னைடர் மூவரும் 2008-இல் கொண்டுவந்த துணை அகராதி உண்டு. அது தேர்ந்தெடுத்த வேர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, கேள்விக்குறி. ஒரு மொழியில் மட்டுமே சான்று கிடைக்கும் வேருக்கும் இதில் இடம் உண்டு. உறுதியில்லாத வேருக்கும் அடிக்கும் முன்னால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருப்பார்கள். இணையத்தில் உலவும் வேர்ப்பட்டியல்கள் பலவற்றில் வடிவம் மட்டும் ஏறி, கேள்விக்குறி காணாமல் போயிருக்கும். படியெடுக்கும்போது உடுக்குறியோடு கேள்விக்குறியையும் சேர்த்து எடுக்கவும்.

மூன்றாவது, கோட்பாட்டுச் சாய்வு. ‘ஆகிக்கொண்டிருப்பது’, ‘இருப்பது’ என்ற இரண்டு தன்வினை அடிகளை ரிக்ஸ் குழு தனி வகையாக நிறுத்தியிருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் ஜே ஜாசனாஃப் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. பழைய அனத்தோலியாவின் ஹிட்டைட் மொழியின் ‘ஹி’ வினைத்திரிபை எங்கே பொருத்துவது என்பதிலும் அவர் 2003-இல் எழுதிய நூல் முற்றிலும் வேறு பாதையில் போகிறது. எல்.ஐ.வி. ஒரு பள்ளியின் நூல். பள்ளியின் பெயரைச் சொல்லாமல் அதன் வடிவங்களை மேற்கோள் காட்டினால், கருத்தரங்கில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

சுருக்கக்குறிகளில் ஒரு பொறி. ‘யாவ்.’ என்று படிக்கத் தோன்றும் சுருக்கத்தை ஜாவானியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிற்கால அவெஸ்தம். ஜெர்மனில் ‘இளைய அவெஸ்தம்’ என்பதன் சுருக்கம். முன்னுரையில் உள்ள குறிவிளக்கத்தைப் படியெடுத்து நூலுக்குள் செருகி வைப்பது நல்லது. ஜெர்மன் அதிகம் தேவையில்லை. வினைவடிவப் பெயர்கள், மொழிச் சுருக்கங்கள், வேர்ப்பொருளாக வரும் வினைச்சொற்கள் தெரிந்தால் உள்ளீட்டின் மேற்பகுதி புரிந்துவிடும். அடிக்குறிப்புக்குத்தான் அகராதி கையில் வேண்டும்.

பழைய அகராதிகளிலிருந்து வருகிறவர்களுக்கு வரிசையும் புதிதாக இருக்கும். யூலியுஸ் போகோர்னியின் 1959 அகராதி தொண்டை ஒலிகளைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்டது. அங்கே ‘எஸ்-’ (இரு), ‘எத்-’ (உண்) என்று உயிரில் தொடங்கும் வேர்கள் இங்கே *ஹ்1எஸ்-, *ஹ்1எத்- என்று தொண்டை ஒலியின் கீழ் போய்விடும் (எண், எந்தத் தொண்டை ஒலி என்பதற்கு அடையாளம்). அங்கே ‘பா-’ (கா) என்றிருப்பது இங்கே *பெஹ்2-. இது வெறும் அழகுக்காகச் செய்ததல்ல. லத்தீன் ‘பாஸ்டோர்’ (மேய்ப்பன்) சொல்லில் வெறும் நெடிலாக மறைந்து நிற்கும் அந்த ஒலி, ஹிட்டைட்டின் ‘பஹ்ஸ்-’ (காவல் செய், காப்பாற்று) வினையில் எழுத்தாகவே இருக்கிறது. சொசூர் கணக்குப் போட்டுச் சொன்ன ஒலியை ஹிட்டைட் எழுத்தில் 1927-இல் அடையாளம் கண்டவர் போலந்து மொழியியலாளர் குரிவோவிச். ஆனாலும் போகோர்னியைத் தூக்கி எறிய வேண்டாம். பெயர்ச்சொற்கள், ஊர்ப்பெயர்கள், சின்ன மொழிகளின் சொற்கள் அதில்தான் கொட்டிக் கிடக்கின்றன. வடிவத்தை நம்பாமல் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குக் கால்வெர்ட் வாட்கின்ஸின் வேர் அகராதி, மூன்றாம் பதிப்பு 2011. மலிவு, கைக்கு அடக்கம், படிக்கச் சுகம். ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த சொற்களை விளக்குவதே அதன் வேலை என்பதால் ‘ரிணக்தி’யை அங்கே எதிர்பார்க்க முடியாது. ‘லோன்’, ‘லெண்ட்’, ‘எக்லிப்ஸ்’, ‘ரெலிக்’ எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். ஆங்கிலப் பதினொன்றையும் பன்னிரண்டையும் அவர் இதே வேரில் சேர்க்கிறார்: பத்துக்கு மேல் ஒன்று மிச்சம், இரண்டு மிச்சம். லித்துவேனியத்தில் இதே முறை ‘வியெனுவோலிகா’விலிருந்து பத்தொன்பது வரை போகிறது, அங்கே ‘லிக்தி’ என்ற வினையோடு உறவு தெளிவு. ஜெர்மானியப் பக்கத்தில் கோத்திக் ‘ஐன்லிஃப்’ சொல்லின் ஃப் ஒலி உறுத்துகிறது. ‘க்வ்’ அங்கே ‘ஹ்வ்’ ஆக வேண்டும், ‘லீஹ்வன்’ போல. ஆகவே மேலே சொன்ன *லெய்ப்- வேரில் அதைச் சேர்ப்பவர்களும் உண்டு. வாட்கின்ஸை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தகராறு இருப்பதே தெரியாது.

பர்ரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் (1961, திருத்திய பதிப்பு 1984) பழகிய தமிழ் வாசகர்களுக்கு எல்.ஐ.வி. முதல் பார்வையில் முரடாகத் தெரியும். அங்கே மீட்டுருவாக்கமே கிடையாது. இனச்சொற்கள் ஒரு எண்ணின் கீழ், தமிழ் கிடைத்தால் தமிழ் முதலில், அவ்வளவுதான். முடிவு வாசகருடையது. எல்.ஐ.வி. தலைகீழ்: முடிவை முதல் வரியிலேயே வைத்துவிட்டு, சான்றைப் பிறகு அடுக்குகிறது. முதலாவதில் உள்ள பணிவு இதில் இல்லை; இதில் உள்ள துணிவு அதில் இல்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இரிதல்’ (ஓடு, நீங்கு) என்ற நம் சொல்லையும் ‘ரிச்’ தாதுவையும் முடிச்சுப்போடும் ஆசை வந்தால், கிரேக்கம், லத்தீன், கோத்திக் மூன்றிலும் முதலெழுத்து லகரம் என்பதை நினைவில் கொள்ளவும். அந்த ரகரம் சமஸ்கிருதமும் இரானியமும் சேர்ந்து செய்துகொண்ட மாற்றம்.

சமஸ்கிருத வினைமுறை தெரிந்த மாணவர், ஒப்பியல் மொழியியலில் முதுகலைக்கு மேல் போகிறவர், வேதமொழி படிப்பவர் வாங்கலாம், தயங்க வேண்டாம். சொல்லாராய்ச்சியில் ஆர்வம் உள்ள பொதுவாசகருக்கு வாட்கின்ஸ் போதும். நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் மைர்ஹோஃபரின் பழைய இந்தோ-ஆரிய அகராதியோடு சேர்த்து வாங்கினால்தான் சமஸ்கிருதப் பக்கம் முழுமையாகும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் மைர்ஹோஃபர் முதலில்.

வாங்கியபின் முதல் வேலை: க்யூமெல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சேர்க்கைகளும் திருத்தங்களும் கோப்பைத் தரவிறக்குவது. 2001-க்குப் பின் மாறிய வேர்களும் அடிகளும் அதில் வேர் வரிசையில் இருக்கின்றன. நீங்கள் புழங்கும் வேர்களுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டால் போதும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் தலைப்புப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். 1998 என்றிருந்தால் அது முதல் பதிப்பு, இந்தத் திருத்தக் கோப்பு அதற்கு எழுதப்பட்டதல்ல.